கட்டிய மனைவியை அழைத்துவர எத்தனை வொன்?

தென்கொரிய நாட்டின் நீதி அமைச்சகம் ஆண்டுதோறும் ஒரு தொகையை அறிவிக்கிறது. நெல்லுக்குக் கொள்முதல் விலையல்ல அது. கரும்புக்கு ஆதார விலையுமல்ல. அயல்நாட்டாரை மணந்துகொண்ட கொரியக் குடிமகன் தன் துணையைத் தன் வீட்டுக்கு அழைத்துவர வேண்டுமானால், அதற்கு முந்திய ஓராண்டில் இவ்வளவு வருமானம் கண்டிருக்க வேண்டும் என்று வரையறுக்கும் தொகை அது! கணவன், மனைவி என இருவர் மட்டுமே உள்ள குடும்பத்துக்கு 2025-ஆம் ஆண்டுக் கணக்கு: 2 கோடியே 35 லட்சத்து 95 ஆயிரத்து 948 வொன். நம்மூர்ப் பணத்தில் ஏறத்தாழ 14 லட்சம் ரூபாய். கடைசி 948 வொன்னைக்கூடத் தள்ளிவிட மனம் வரவில்லை அந்தத் துரைத்தனத்துக்கு!

"கொரியாக்காரன் பெண்டாட்டியை அழைத்துவருவது பற்றி நமக்கென்ன?" என்று கேட்கும் தோழர்கள் இருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1996-இல் ஹூண்டாய்க் கம்பெனி இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த நாளிலிருந்து கொரியா நமக்கு அடுத்த தெருவாகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனால் கடைப் பலகையிலே கொரிய எழுத்தைக் காணலாம். ஓரிடத்தில் வேலை செய்கிற ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்புவது உலக இயற்கை. நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலரும் அந்த விசா வாசலில் போய் நிற்கும் காலம் இது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. திருமணம், பெண்ணின் உரிமை, தொழிலாளியின் ஊதியம் ஆகிய மூன்றும் ஒரே விண்ணப்பத் தாளில் வந்து விழுகின்றன இங்கே. இந்த மூன்றையும் பற்றிப் பேசாமல் நம் இயக்கம் ஒரு நாளும் இருந்ததில்லை.

மணமக்கள் இருவர் மனமொத்தால் போதும், புரோகிதர் வேண்டியதில்லை என்று நாம் மேடைதோறும் முழங்கினோம். 1967-இல் பேரறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்றாயிற்று. ஐயரை எழுப்பிய இடத்தில் அதிகாரி வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கொரியாவைப் பார்த்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

உல்சான் நகரத்துக் கப்பல் பட்டறை ஒன்றிலே பற்றவைப்பு வேலை செய்கிற ஒரு தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். வியட்நாம் நாட்டுப் பெண்ணை மணக்கிறார். முதலில் இரு நாட்டிலும் திருமணம் பதிவாக வேண்டும். பதிவானதும் முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது, அங்கேதான் தொடக்கம். 'எஃப்-6' என்ற பெயருள்ள விசாவுக்கு அந்தப் பெண் தன் நாட்டிலுள்ள கொரியத் தூதரகத்தில் விண்ணப்பிக்கிறாள். கணவர் அழைப்புக் கடிதம் எழுதி, 'இவளுக்கு நான் பொறுப்பு' என்று பிணைக் கையெழுத்தும் இடுகிறார். இருவரும் எப்படிச் சந்தித்தார்கள், யார் அறிமுகம் செய்து வைத்தது, எந்த மொழியிலே பேசிக்கொண்டார்கள் என்றெல்லாம் படிவம் கேட்கிறது. சேர்ந்து எடுத்த படங்களை ஒட்ட வேண்டும். குற்றப் பதிவுச் சான்று, உடல்நலச் சான்று, வரி அலுவலகம் தரும் வருமானச் சான்று, வீட்டுக் குத்தகைப் பத்திரம் எல்லாம் வேண்டும். வீடு அவருடையதாகவோ அவர் குடும்பத்தாருடையதாகவோ, வாடகையானால் அவர்கள் பேரிலோ இருக்க வேண்டும். ஒற்றை அறை விடுதியிலும், இரும்புப் பெட்டி வீட்டிலும், பிளாஸ்டிக் கூடாரத்திலும் குடியிருப்பவருக்கு மனைவி கிடையாது. அந்த இடங்களில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பதை மட்டும் சர்க்கார் அறிந்து வைத்திருக்கிறது!

சீனா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், கம்போடியா, மங்கோலியா, உஸ்பெகிஸ்தான், தாய்லாந்து ஆகிய ஏழு நாட்டவரை மணப்பவர் அரசு நடத்தும் வகுப்பு ஒன்றிலும் உட்கார்ந்து எழ வேண்டும். அமெரிக்கப் பெண்ணை மணந்தால் வகுப்பு இல்லை. பிரெஞ்சுப் பெண்ணை மணந்தாலும் இல்லை. ஏழை நாட்டுப் பெண்ணை மணக்கிறவனுக்குத்தான் பாடம். அந்தப் பாடத்தில் நல்லது நாலு சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. நாட்டைப் பார்த்துப் பாடம் வைப்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறோம்.

இனி அந்த வருமானக் கணக்குக்கு வருவோம். தொழிலாளத் தோழர்கள் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காரலாம்.

2025-இல் கொரியாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10,030 வொன். வாரம் 40 மணி நேரம் உழைப்பவருக்கு, சம்பளத்தோடு கூடிய வார விடுமுறையையும் சேர்த்து, மாதம் 209 மணி நேரம் என்று கணக்கிடுகிறார்கள். அப்படியானால் மாதம் 20 லட்சத்து 96 ஆயிரத்து 270 வொன். ஆண்டுக்கு 2 கோடியே 51 லட்சத்துச் சொச்சம். விசாவுக்குத் தேவை 2 கோடியே 36 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அப்பாடா, அடிமட்டக் கூலிக்காரனும் தேறிவிட்டான் என்று மூச்சு விடுகிறீர்களா? பொறுங்கள்.

அந்தத் தொழிலாளியோடு அவருடைய வயதான தாயும் ஒரே வீட்டில் பதிவாகி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது குடும்பம் மூன்று பேர். மூவர் குடும்பத்துக்கு 2025-இல் கேட்ட தொகை 3 கோடியே 1 லட்சத்து 52 ஆயிரத்து 118 வொன். கூலியோ அதே 2 கோடியே 51 லட்சம். ஏறத்தாழ 50 லட்சம் வொன் துண்டு விழுகிறது. தாயின் வருமானத்தைச் சேர்த்துக் காட்டலாமாம். வயல் வேலையில் முதுகு வளைந்த மூதாட்டிக்கு ஏது வருமானம்? சொத்து இருந்தால் அதன் மதிப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கை வருமானமாக எடுத்துக்கொள்வார்களாம், கடனைக் கழித்துவிட்டு. ஐம்பது லட்சத்தை ஐந்து சதவிகிதத்தால் நிரப்ப எவ்வளவு சொத்து வேண்டும்? 10 கோடி வொன்! 10 கோடி வொன்னுக்குச் சொத்து வைத்திருப்பவன் குறைந்தபட்சக் கூலிக்குப் பற்றவைப்புக் கோலை ஏன் பிடிக்கிறான்?

ஆக, பெற்ற தாயைத் தன்னோடு வைத்துக் காப்பாற்றும் மகனுக்கு மனைவி வருவது கடினமாகிறது. தாயைத் தனியே தள்ளி வைத்தவனுக்கு எளிதாகிறது. பெற்றோரைப் பேணுவதைத் தலையாய கடமையாகப் போற்றி வந்த கன்பூசியஸ் நெறி வேரூன்றிய நாட்டிலே இப்படி ஒரு கணக்கு!

இன்னொரு வகைத் தொழிலாளி இருக்கிறார். கட்டட வேலை, மீன்பிடிப் படகு, அறுவடைக் கூலி என்று கிடைத்த வேலையைச் செய்து ரொக்கமாகச் சம்பளம் வாங்குகிறவர். முதலாளி வரிக்கணக்கில் காட்டாத கூலி அது. வியர்வை உண்மை, சம்பளம் உண்மை, சான்று மட்டும் இல்லை. கணக்கை மறைத்தவன் முதலாளி, மனைவி இல்லாமல் நிற்பவன் தொழிலாளி. விசா மறுக்கப்பட்டால் மறுபடி விண்ணப்பிக்கப் பொதுவாக ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். கட்டிய மனைவி கடலுக்கு அப்பால் இருக்க, காலண்டர்த் தாளைக் கிழித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதில் வேடிக்கை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தம்பதிக்குக் குழந்தை பிறந்துவிட்டால் வருமானச் சான்று கேட்பதில்லை! ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் பிள்ளைகளின் சராசரி எண்ணிக்கை 2023-இல் கொரியாவில் 0.72 என்று இறங்கிவிட்டது. உலக நாடுகளில் மிகமிகக் குறைவான நிலைகளில் ஒன்று. அதனால் குழந்தை என்றால் கதவு தானாகத் திறக்கிறது. இருவராக இருந்தபோது போதாத கூலி, மூவரானதும் போதுமானதாகிவிடும் மாயம் என்ன? மனைவியாக வந்தால் கேள்வி, தாயாக வந்தால் வரவேற்பு. பெண்ணைப் பிள்ளை பெறும் இயந்திரமாகக் கருதாதே என்று நாம் சொன்னபோது நம்மை ஏசியவர்கள் உண்டு. ஒரு விசாப் படிவமே அந்த எண்ணத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மறுபக்க நியாயத்தையும் கேட்க வேண்டும். "இந்த நிபந்தனைகளெல்லாம் அயல்நாட்டுப் பெண்களைக் காப்பாற்றத்தானே வந்தன?" என்பார்கள். ஆம், அதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மை இரத்தத்தில் எழுதப்பட்டது.

1960, 70-களில் கொரியா ஆலைகளைக் கட்டியபோது கிராமத்துப் பெண்கள் கூட்டங்கூட்டமாகச் சியோல் நகரத்துத் துணியாலைகளுக்கும் தையற்கூடங்களுக்கும் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. நிலத்தையும் பெற்றோரையும் காக்க ஊரிலே தங்கிய ஆண்களுக்குப் பெண் கொடுப்பார் இல்லை. அந்த வெற்றிடத்தில் தரகர்கள் நுழைந்தார்கள். 2005-இல் மணமுடித்த உழவர், மீனவர்களில் நூற்றுக்கு 35.9 பேர் அயல்நாட்டுப் பெண்களை மணந்தார்கள் என்றால் எவ்வளவு பெரிய வியாபாரம் என்று எண்ணிப் பாருங்கள்! வியட்நாம் பெண் ஓடிப்போக மாட்டாள் என்று சாலையோரத்தில் விளம்பரத் துணி கட்டினார்கள். ஓடாது, முட்டாது, உழும் என்று மாட்டுச் சந்தையிலே சொல்லக் கேட்டிருக்கிறோம். சில உள்ளாட்சி மன்றங்கள் மக்கள் வரிப்பணத்திலிருந்தே கிராமத்து ஆண்களுக்குத் திருமண உதவித்தொகை கொடுத்தன. கைக்குப் போய்ச் சேர்ந்தது யாருக்கு என்று கேட்கவும் வேண்டுமா?

2007-இல் சோனான் நகரத்தில் 19 வயது வியட்நாம் பெண் ஒருத்தி கணவன் கையாலே அடித்துக் கொல்லப்பட்டாள். ஊருக்குத் திரும்பிப் போகிறேன் என்றாள், அதுதான் குற்றம். சாவதற்கு முன் தன் மனத்தையெல்லாம் தன் மொழியிலே ஒரு கடிதமாக எழுதி வைத்திருந்தாள். அதைப் படிக்க அவனுக்கு மொழி தெரியாது. 2008 ஜனவரியில் மேல்முறையீட்டைத் தீர்த்த தேஜோன் உயர்நீதிமன்றம், கணவனைத் தண்டித்ததோடு நிற்காமல், பெண்களைப் பொருளைப்போல் இறக்குமதி செய்யும் சமுதாயத்தின் போக்கையே கண்டித்தது. 2010 ஜூலையில் புசான் நகரத்தில் 20 வயது வியட்நாம் பெண் ஒருத்தி, கொரியாவில் காலடி வைத்த எட்டாம் நாள், கணவனால் கொலையுண்டாள். அவனுக்கு நெடுங்காலமாக மனநோய் இருந்தது அவளுக்குச் சொல்லப்படவே இல்லை.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு சட்டம் விழித்தது. மணமகனின் உடல்நிலை, வேலை, முன் திருமணம், குற்றப் பதிவு ஆகியவற்றைப் பெண்ணின் மொழியிலே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தரகர்களுக்கு விதித்தார்கள். பதினெட்டு வயது ஆகாதவரைக் காட்டக் கூடாது, பல பெண்களை ஒரே நேரத்தில் வரிசையாக நிறுத்திக் காட்டக் கூடாது என்று 2012-இல் விதி வந்தது. அப்படி ஒரு விதி தேவைப்பட்டதென்றால், அதற்கு முன் என்ன நடந்தது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தாண்டுக்குள் ஒரு மனைவியை அழைத்தவர் இன்னொருவரை அழைக்க முடியாது. குடும்ப வன்முறைக் குற்றம் செய்தவர் அழைப்பதற்கும் 2020-இல் தடை வந்தது. இவற்றையெல்லாம் நாம் வரவேற்கிறோம். கொலைகாரனைக் கதவுக்கு வெளியே நிறுத்தும் விதி எதுவும் நல்ல விதிதான்.

2014 ஏப்ரல் முதல் நாளில்தான் வருமான நிபந்தனையும் மொழி நிபந்தனையும் சேர்ந்து வந்தன. கொரிய மொழித் தேர்வில் முதற்படி தேற வேண்டும், அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளியில் தொடக்க வகுப்பு முடித்திருக்க வேண்டும். இருவருக்கும் பொதுவாக வேறொரு மொழி தெரிந்திருந்தால் விலக்கு உண்டு. மொழி வேண்டும் என்பதில் நமக்குத் தகராறு இல்லை. சோனானில் இறந்துபோன பெண்ணின் கடிதம் கண்முன் நிற்கிறது. நாம் கேட்பதெல்லாம், மொழி தெரியாத குறை ஏன் எப்போதும் அவள் குறையாகவே எண்ணப்படுகிறது என்பதுதான். அவன் வியட்நாம் மொழி கற்றுக்கொண்டாலும் விலக்குக் கிடைக்கும். எத்தனை பேர் கற்கிறார்கள்? 2019 ஜூலையில் யோங்காம் என்ற ஊரில் ஒரு வியட்நாம் பெண்ணை, பச்சைக் குழந்தை அலறிக்கொண்டிருக்க, அவள் கணவன் அடித்து நொறுக்கிய படக்காட்சி உலகெங்கும் பரவியது. கொரிய மொழி சரியாகப் பேசவில்லை என்பதற்காக அடித்தான்! தேர்வு வைத்தது சர்க்கார். பிரம்பு எடுத்தது கணவன்.

வருமான நிபந்தனைக்கு இந்த நியாயமும் கிடையாது. கை ஓங்குகிறவன் தன் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டா ஓங்குகிறான்? ஏழை வீட்டில் அடி இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பணக்கார வீட்டில் அடி விழுந்தால் சுவர் தடிமன், சத்தம் வெளியே கேட்பதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. கொரிய நாட்டு மனித உரிமை ஆணையத்துக்காக 2017-இல் எடுத்த ஆய்வில், கேட்கப்பட்ட 920 மணப்பெண்களில் நூற்றுக்கு 42.1 பேர் வீட்டில் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பலர் வருமான விதி வருவதற்கு முன்பே வந்தவர்களாக இருக்கலாம். இருக்கட்டும். வந்துவிட்ட பிறகு அடிபடும் பெண்ணுக்கு, வருமுன் பார்த்த சம்பளச் சீட்டு எந்த வகையில் கேடயமாகும்?

அடிபட்ட பெண் ஏன் அந்த வீட்டில் கிடக்கிறாள் என்று கேட்டால்தான் நோயின் வேர் தெரியும். அவள் நாட்டில் இருக்கும் உரிமை அவள் கையில் இல்லை; அவன் கையில் இருக்கிறது. எஃப்-6 விசாவில் வந்தவள் 90 நாளுக்குள் பதிவு செய்துகொண்டு அட்டை வாங்குகிறாள். காலம் முடிய முடிய அதை நீட்டிக்க வேண்டும். 2011 வரைக்கும், நீட்டிக்கும் ஒவ்வொரு முறையும் கணவன் பிணைக் கையெழுத்துப் போட வேண்டும் என்றிருந்தது. "கையெழுத்துப் போடமாட்டேன் போ" என்ற ஒரு சொல் போதாதா ஒருத்தியை வாய்மூட வைக்க? அந்த ஆண்டு இறுதியில் அந்த விதியை எடுத்தார்கள். ஆனால் குடும்பம் நடக்கிறது என்பதற்கான சான்றுக்கு அவள் இன்னும் கணவன் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. குடியுரிமை கேட்க வேண்டுமானாலும், பொதுவாக இரண்டாண்டு அங்கே குடித்தனம் நடத்தியிருக்க வேண்டும். அந்த இரண்டாண்டுகளை ஓட்டுவதற்கு எத்தனை பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்களோ!

மணம் முறிந்தால் என்ன? முறிவுக்கு அவள் பொறுப்பல்ல என்று மெய்ப்பித்தால் தங்கலாம் என்கிறது விதி. மெய்ப்பிக்க வேண்டியவள் அவள். மூடிய கதவுக்குள் நடந்ததற்கு, மொழி தெரியாத ஊரில், கையில் காசில்லாமல், யாரைச் சாட்சிக்கு அழைப்பாள்? அதிலும், கணவன் மேலேயே முழுக் குற்றமும் இருந்தால்தான் தங்கலாம், நூற்றில் ஒரு பங்கு உன் மேலிருந்தாலும் மூட்டையைக் கட்டு என்பதுபோல் அதிகாரிகள் நடந்தார்கள். ஒரு வியட்நாம் பெண் விடவில்லை. மாமியார் நடத்திய கடையிலே கருவுற்ற நிலையிலும் வேலை வாங்கப்பட்டு, கரு கலைந்து, மணவிலக்குப் பெற்றவள் அவள். விசாவை நீட்டிக்க மறுத்த அதிகாரியின் உத்தரவை எதிர்த்து வழக்காடினாள். கீழ்நீதிமன்றங்களில் தோற்றாள். 2019 ஜூலையில் கொரிய உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் நின்றது: முறிவுக்கு முக்கியப் பொறுப்புக் கணவனுடையது என்றால் போதும், முழுப் பொறுப்பும் அவனுடையதே என்று காட்ட வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. ஒற்றைப் பெண்ணின் பிடிவாதம் ஆயிரமாயிரம் பெண்களுக்கு வழிவிட்டது.

இந்தக் கோணல் நேற்று முளைத்ததல்ல. 1998 வரைக்கும் கொரியக் குடியுரிமைச் சட்டம் எப்படி இருந்தது தெரியுமா? கொரிய ஆண் அயல்நாட்டுப் பெண்ணை மணந்தால் அவள் அப்போதே கொரியக் குடிமகள். கொரியப் பெண் அயல்நாட்டு ஆணை மணந்தால் அவனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அவர்கள் பெற்ற பிள்ளைக்குக்கூடத் தாய் வழியில் குடியுரிமை இல்லை! நாடு என்பது தகப்பன் சொத்து என்ற எண்ணம். அந்த ஆண்டு சட்டத்தைத் திருத்தி இருபாலாரையும் ஒன்றாக்கினார்கள். எப்படி ஒன்றாக்கினார்கள்? பெண்ணுக்கு இருந்த கட்டு ஆணுக்கும் பொருந்தும் என்று ஆக்கினார்கள். சமத்துவம் என்பதை மேலே ஏற்றியும் செய்யலாம், கீழே இறக்கியும் செய்யலாம். வீட்டுப் பதிவேட்டின் நகலில் அயல்நாட்டுத் தாயின் பெயர் முறையாக இடம்பெறத் தொடங்கியது 2018 மார்ச்சில்தான். அதுவரை அந்தத் தாளைப் பள்ளிக்கு எடுத்துப்போன குழந்தைக்குத் தாய் இல்லாததுபோல் தோன்றும்.

இதற்கிடையில் தரகன் என்ன ஆனான்? வியட்நாம் நாடு காசுக்குத் தரகு பார்ப்பதைச் சட்டப்படி தடுத்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் 1990-லேயே தடுத்தது. கம்போடியா 2010-இல் கொரியருடனான திருமணங்களையே சிறிது காலம் நிறுத்தி வைத்தது. பெண் கொடுக்கும் நாடுகள் தரகனைக் குற்றவாளி என்கின்றன. பெண் எடுக்கும் நாடு அவனுக்கு உரிமம் கொடுக்கிறது. பெண் பார்த்ததிலிருந்து திருமணம் வரை சராசரி 4.4 நாள் என்று 2017-இல் கொரிய அரசின் ஆய்வே சொன்னது, 2020-இல் 5.7 நாள். நம்மூரில் பந்தற்கால் நடுவதற்கே அதற்கு மேல் ஆகும்! தரகுக் கட்டணம் சராசரியாக ஒரு கோடி வொன்னுக்கு மேல். அவ்வளவு பணம் கொடுத்தவன், வாங்கிய பொருளைப் பார்க்கும் கண்ணாலே மனைவியைப் பார்ப்பதில் வியப்பென்ன? மணமகனிடம் சம்பளச் சீட்டைக் கேட்கிற சட்டம், அந்தக் கட்டணத்துக்கு ஒரு பூட்டுப் போடக் கூடாதா? போடமாட்டார்கள். அது வியாபாரம் அல்லவா!

மூலதனத்துக்கு இந்தத் தொல்லை ஒன்றுமில்லை என்பதையும் தொழிலாளத் தோழர்கள் கவனிக்க வேண்டும். கார்க் கம்பெனி தமிழில் முதற்படித் தேர்வு எழுதிவிட்டா இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது? யார் அறிமுகம் செய்து வைத்தார்கள், சேர்ந்து எடுத்த படம் எங்கே என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை. நிலமும் நீரும் மின்சாரமும் கொடுத்து வரவேற்றோம். கொரியாவும் உழைக்கும் கைகளை வேண்டாம் என்று சொல்வதில்லை. 2004 முதல் வேலை அனுமதித் திட்டம் என்ற பேரில் இலங்கை, நேபாளம், வங்கதேசம் முதலிய நாடுகளிலிருந்து ஆலைக்கும் வயலுக்கும் ஆட்களை எடுக்கிறார்கள். குடும்பத்தை அழைத்து வர மட்டும் அனுமதியில்லை. கை வரலாம், கைக்குரியவனின் பிள்ளை வரக் கூடாது. அந்தக் கொள்கையின் மறுபக்கம்தான் எஃப்-6 விசாவின் வருமானக் கணக்கு.

ஆகவே நாம் சொல்வது இது. கட்டிய துணையோடு வாழ்வதற்குச் சம்பள அளவு வைப்பது தவறு. தாயையும் சேர்த்து எண்ணி மகனைத் தண்டிப்பது அதைவிடத் தவறு. குற்றப் பதிவைக் கேளுங்கள், நோயை மறைத்தானா என்று பாருங்கள், தரகனின் உரிமத்தைப் பறியுங்கள். குறுக்கே நிற்க மாட்டோம். வந்துவிட்ட பெண்ணுக்கு அந்த நாட்டில் தங்கும் உரிமையை அவள் பெயரிலேயே கொடுங்கள். கணவன் முகம் பார்க்காமல் அட்டையை நீட்டித்துக்கொள்ளும் நிலை வரட்டும். அதன் பிறகு அவனுடைய வருமானத்தைப் பற்றி அவளே கவலைப்பட்டுக்கொள்வாள். பிடிக்கவில்லை என்றால் கதவைத் திறந்துகொண்டு போவாள். கொரியாவிலும் இதையே பெண்கள் அமைப்புகளும் குடிபெயர்ந்தோர் அமைப்புகளும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன. 2011-இல் பிணைக் கையெழுத்துப் போனதும், 2018-இல் தாயின் பெயர் ஏறியதும் அவர்கள் விடாமல் கேட்டதன் பலனே.

நம்மவர்களில் இந்த வழியில் போகிறவர்களுக்கு இரண்டு சொல். இந்தியா அந்த ஏழு நாட்டுப் பட்டியலில் இல்லை. ஆகவே கொரியத் துணைவருக்கு அந்த வகுப்புக் கட்டாயமில்லை. வருமானமும் வீடும் மொழியும் உங்களுக்கும் உண்டு; காசநோய் இல்லை என்ற சான்றும் இந்தியருக்குக் கேட்பார்கள். இருவரும் ஆங்கிலத்தில் நன்றாகப் பேசிக்கொள்பவர்கள் என்று காட்ட முடிந்தால் கொரிய மொழிச் சான்றுக்கு விலக்குப் பெறலாம். என்றாலும் அந்த மொழியைக் கற்றுக்கொண்டு போவதே நல்லது, மாமியாருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்காது. பாஸ்போர்ட்டும் பதிவு அட்டையும் திருமணச் சான்றும் எப்போதும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். பத்திரமாக வைக்கிறேன் என்று யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். கொரியாவில் இடர் வந்தால் அழைப்பதற்கு 1577-1366 என்ற எண் இரவும் பகலும் இருக்கிறது. 13 மொழிகளில் பேசலாம். தமிழ் அதில் இல்லை; ஆங்கிலம் இருக்கிறது.